அப்பத்தா தட்டும் ஆறு பி பென்சிலும்

நம்ம ஊரு கூமாப்பட்டி. 2025 ஜூனுக்கு முன்னாடி யாராவது எந்த ஊருன்னு கேட்டா, "வத்திராயிருப்பு பக்கம், பிளவக்கல் அணை இருக்குல்ல..."ன்னு பத்து நிமிஷம் விளக்கணும். இன்ஸ்டாகிராம் புண்ணியத்துல இப்போ அந்த வேலை இல்லை. ஆனா இந்தப் பதிவு அணையைப் பத்தி இல்லீங்க. ஒரு தட்டைப் பத்தி.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்து இறங்கிச்சு. வெள்ளை எனாமல் தட்டு, நீல விளிம்பு, ரெண்டு இடத்துல சில்லு பேந்து இரும்பு தெரியுது. அப்பத்தா சாகுற வரைக்கும் கஞ்சி குடிச்ச தட்டு. அப்பத்தாவுக்கு உருப்படியா ஒரு போட்டோ கிடையாது. வாக்காளர் அட்டையில இருக்குறதும் பேயைப் பாத்து பயந்த மாதிரி இருக்கும். எனக்கோ வருஷம் ஆக ஆக முகம் மறந்துக்கிட்டே வருது. சரி, பென்சில் ஓவியம்னு ஊரை ஏமாத்திக்கிட்டுத் திரியுறோமே, இந்தத் தட்டுலயே அவங்களை வரைஞ்சு வெச்சா என்னன்னு தோணிச்சு.

நடராஜ் பென்சிலை எடுத்து விளிம்போரமா ஒரு கோடு இழுத்தேன். சர்ருனு வழுக்கிட்டுப் போகுது. கோடே விழலை.

திண்ணையில உக்காந்திருந்த பெரியப்பா சிரிச்சுட்டார். "ஏலே, கண்ணாடி மேல பென்சிலை ஓட்டுனா எப்படிலே ஒட்டும்?"

அவர் அந்தக் காலத்து போர்டு ஆர்டிஸ்ட். டீக்கடை, உரக்கடை, டூரிங் டாக்கீஸ்னு சுத்துவட்டாரத்துல தகர போர்டு எழுதுனவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷை கழுவி வெச்சவர்தான், திரும்பத் தொடலை.

அவர் சொன்னது சரிதான். போர்டுக்கு அடிக்கிற எனாமல் வெறும் பெயிண்ட். தட்டுல இருக்குறது நிஜமாவே கண்ணாடி. கண்ணாடிப் பொடியை இரும்பு மேல பூசி 800 டிகிரி வாக்குல சூளையில வெச்சு உருக்குறாங்க. பென்சிலுக்குள்ள இருக்குறதோ கிராஃபைட்டும் களிமண்ணும். (ஈயம்லாம் இல்லைங்க, பேருதான் லெட்.) காகிதத்தோட நார் அரம் மாதிரி அதைத் தேய்ச்சு வாங்கிக்கும். கண்ணாடியில வாங்கிக்க எதுவும் இல்லை. பெயிண்ட் தொழில்ல இதையே பரிட்சையா வெச்சிருக்காங்க. பூச்சு மேல பென்சிலை 45 டிகிரி சாய்ச்சு தள்ளி, எந்த நம்பர் பென்சில் கீறுதுன்னு பாத்து, பூச்சு எவ்வளவு கடினம்னு கண்டுபிடிப்பாங்க.

"அப்போ என்ன செய்யணும்?"னு கேட்டேன்.

"வாட்டர் பேப்பர் போட்டு மினுமினுப்பை எடு. போர்டுனா நான் அதான் பண்ணுவேன்."

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில வாங்குன ஓட்டைக் குவளை ஒண்ணு கைவசம் இருந்துச்சு. அதைத் தண்ணி விட்டுத் தேய்ச்சேன். பத்து நிமிஷத்துல பளபளப்பு போயி பால் மாதிரி மங்கலாச்சு. ஆறு பி பென்சில் வெச்சா, அடடா, காகிதம் மாதிரியே இழுக்குது! ஆனா விரல் பட்டா கலையுது. எனாமல் ஓவியக்காரங்க இப்படி வரைஞ்சுட்டு திரும்ப சூளையில ஒரு ரெண்டு மூணு நிமிஷம் வெப்பாங்க. கண்ணாடி இளகி கோட்டை உள்ள வாங்கிக்கும். கொஞ்சம் கூடுதலா வெச்சா கிராஃபைட் எரிஞ்சே போயிடும். கூமாப்பட்டியில அந்த சூளைக்கு எங்க போக?

சரின்னு தட்டைத் தேய்க்க உக்காந்தா கை வரலை. மினுமினுப்பை எடுத்துட்டா அப்புறம் அது சாப்பிடுற தட்டு இல்லை. கறை ஏறும். அப்பத்தா தட்டை நானே கெடுத்த மாதிரி ஆயிடும். தட்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். அப்பதான் கவனிச்சேன். விளிம்புலதான் பளபளப்பு. நடுவுல சுத்தமா இல்லை.

நாப்பது வருஷம் சாம்பலும் செங்கப்பொடியும் தேங்காநாரும் போட்டுத் தேய்ச்சது. புளியும் மோரும் அரிச்சது. நான் வாட்டர் பேப்பர்ல செய்ய நெனச்சதை அப்பத்தா ஏற்கனவே செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கு.

நடுவுல பென்சிலை வெச்சேன். பிடிச்சுக்கிச்சு.

தண்டட்டி தொங்குற காதுல ஆரம்பிச்சேன். காது வந்துருச்சு. மூக்கும் ஓரளவு. வாய் மட்டும் யாரோ வேற பாட்டி மாதிரி. பெரியப்பா தட்டை வாங்கி ரொம்ப நேரம் பாத்தார்.

"காது எங்காத்தா காதுதான். வாய் தப்பு. வெத்தலையை எடது பக்கம்தான் அதக்கும்."

கட்டை விரலை நாக்குல தொட்டு வாயை மட்டும் அழிச்சார். பென்சிலை வாங்கினார். கை நடுங்குச்சு. ஆனா கோடு நடுங்கலை. எட்டு, ஒம்பது கோடு இருக்கும். இடது கன்னம் உப்புன உடனே அப்பத்தா எங்களைப் பாத்துச்சு. பெரியப்பா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு தோட்டத்துப் பக்கம் போயிட்டார்.

கலையாம இருக்க மேல ஸ்ப்ரே அடிச்சுடலாம். டப்பாகூட வாங்கிட்டேன். இன்னும் அடிக்கலை. கண்ணு இன்னும் சரியா வரலையே, அழிச்சு வரைய வேண்டியிருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பெரியப்பாகிட்ட தட்டையும் பென்சிலையும் குடுத்துட்டு சும்மா பக்கத்துல உக்காந்துக்கலாம்னு இருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்ல எனாமல் தட்டு கிடந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு கோடு இழுத்துப் பாருங்க மக்களே :-)