பழைய படம் இருக்கா?

கோவில்பட்டிக்காரர் அவர். வயது 68. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். விலாவில் சுருக்கென்று பிடித்த வலிக்கு இரண்டு வாரம் வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்த்தார். கேட்கவில்லை. மகள் திட்டிய பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார். வலது சிறுநீர்க்குழாயில் 4 மி.மீ. கல். தானாகவே இறங்கிவிடும் என்றார்கள். சங்கதி அதோடு முடிந்திருக்கும். ஆனால் அறிக்கையின் அடியில் யாரும் கேட்காத ஒரு தகவல் இருந்தது: கணையத்தின் நடுப்பகுதியில் 14 மி.மீ. நீர்க்கட்டி.

'கட்டி' என்ற சொல்தான் அந்த வீட்டில் முதலில் வேலையைக் காட்டியது. தமிழில் வேனல்கட்டியும் கட்டி, சீழ்க்கட்டியும் கட்டி, புற்றுநோய்க் கட்டியும் கட்டி. முன்னால் ஒட்டியிருந்த 'நீர்' யார் காதிலும் விழவில்லை. மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் விடிய விடிய செல்போனில் தேடி, ஸ்டீவ் ஜாப்ஸில் போய் நின்றாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தை நடத்திய ஜாப்ஸுக்கும் கதை சிறுநீரகத்தில்தான் தொடங்கியது. முன்பு அவருக்குக் கல் தொந்தரவு இருந்தது. வைத்தியம் பார்த்த மருத்துவர் வற்புறுத்தியதால் 2003 அக்டோபரில் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை. கணையத்தில் ஒரு நிழல். திசு எடுத்துச் சோதித்ததில், கணையப் புற்றுநோயிலேயே மெதுவாக வளரும் அபூர்வ வகை என்று தெரிந்தது. அறுத்து எடுக்கக்கூடியது என்றார்கள். அவர் பத்தியச் சாப்பாடு, மாற்று வைத்தியம் என்று ஒன்பது மாதம் கடத்தினார். 2004 ஜூலை கடைசியில்தான் அறுவை சிகிச்சை. 2011 அக்டோபர் 5 அன்று, 56 வயதில் இறந்தார். அந்த ஒன்பது மாதம்தான் அவர் உயிரைக் குடித்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் ஜாப்ஸுக்கு இருந்தது திடக் கட்டி. கோவில்பட்டிக்காரருக்கு இருந்தது நீர்ப்பை. இரண்டுக்கும் வழி வேறு. வேறெதற்கோ வயிற்றை சி.டி. எடுக்கும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இப்படி ஒரு நீர்ப்பை கண்ணில் படுகிறது. எம்.ஆர்.ஐ.யில் இன்னும் அதிகம். வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் உறுப்பு கணையம். சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 'வாயு மறைப்பதால் கணையம் சரியாகத் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுப்பது நம்மூரில் சர்வசாதாரணம்.

மதுரையில் பார்த்த குடல் மருத்துவர் நிறையக் கேள்வி கேட்டார். சமீபத்தில் சர்க்கரை புதிதாக வந்ததா? எடை குறைந்ததா? கண் மஞ்சளானதா? குடிப்பழக்கம் உண்டா? வீட்டில் யாருக்காவது கணைய நோய்? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. கடைசியாக, "பழைய படம் ஏதாவது இருக்கா ஐயா?" என்றார்.

இருந்தது. ஆறு வருடம் முன்பு இதே கல் தொந்தரவுக்கு எடுத்தது. எங்கே வைத்தோம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால், ஜவுளிக்கடை மஞ்சள் பையில், கல்யாணப் பத்திரிகைகளோடு கிடைத்தது. வெக்கையில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

மருத்துவர் விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். மிளகளவு சாம்பல் பொட்டு. அன்றே இருந்திருக்கிறது, கிட்டத்தட்ட இதே அளவில். அப்போதைய அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளுக்குக் கோபம் பொங்கியது. அப்பா சிரித்தார். "தபால் அப்பவே வந்திருக்கு. பட்டுவாடாதான் ஆகலை."

அந்த மிளகுப் பொட்டு கொடுத்த தைரியத்தை எந்த ரத்தப் பரிசோதனையும் கொடுத்திருக்காது. இத்தனை வருடத்தில் வளரவில்லை என்பது பெரிய சாட்சி. சிலர் இந்தப் பயத்தில், கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய 'சி.ஏ. 19-9' என்ற பொருளைச் சோதிக்க ஓடுகிறார்கள். சிலருடைய உடம்பு அந்தப் பொருளைச் சுரப்பதே இல்லை. மஞ்சள் காமாலை வந்தால் புற்றுநோய் இல்லாமலேயே அது ஏறும்.

எம்.ஆர்.சி.பி. மட்டும் பாக்கி. எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் படம் பிடிக்கும் முறை அது. வெறும் வயிற்றில் போனவருக்கு ஒரு டம்ளர் அன்னாசிப்பழச் சாறு கொடுத்தார்கள். உபசாரம் இல்லை. அன்னாசியிலுள்ள மாங்கனீசு இரைப்பை நீரைப் படத்தில் கருப்பாக்கிவிடும். பின்னாலிருக்கும் நாளம் வெள்ளை நூலாகத் துலங்கும். அவருக்குத் துலங்கியது. 3 மி.மீ. நாளம், வீக்கம் இல்லை. பக்கக் கிளை ஒன்றில் சளி போன்ற நீர் ஊறித் தேங்கிய பை. உள்ளே முடிச்சு எதுவும் இல்லை. நாளம் 5 மி.மீ.க்கு விரிந்தாலோ பை 3 செ.மீ.யைத் தொட்டாலோ யோசிப்பார்கள். நாளம் 10 மி.மீ.க்குப் போனால் கத்தியைப் பற்றிப் பேச்சு வரும்.

"எடுத்துப் போட்டுட்டா நிம்மதிதானே?" என்று மனைவி கேட்டார். கணையம் குடல்வால் மாதிரி இல்லை. தலைப்பகுதியை எடுத்தால் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு துண்டு எல்லாம் சேர்ந்து போகும். நடுவில் கை வைத்தால் செரிமான நீர் கசியலாம், சர்க்கரை வரலாம். 14 மி.மீ.க்கு அந்த விலை அதிகம்.

2024-இல் வெளியான கியோட்டோ நெறிமுறை 2 செ.மீ.க்குக் குறைந்த பைக்கு ஆறு மாதத்தில் ஒரு முறை, மாற்றமில்லை என்றால் பிறகு 18 மாதத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. இப்படி எத்தனை வருடம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த பேச்சு இல்லை. ஐந்து வருடம் அமைதியாக இருந்தால் நிறுத்தலாம் என்பார் உண்டு. கூடாது என்பாரும் உண்டு.

ஆறாவது மாதப் படத்திலும் 14 தான். அடுத்த தேதி விழும் வருடத்துக்குக் காலண்டரே இன்னும் அச்சாகவில்லை. அவர் ஒரு பழுப்பு உறை வாங்கி வந்தார். பழைய படம், புதிய படம், குறுந்தகடு மூன்றையும் உள்ளே போட்டு ஒட்டினார். மேலே 'பெறுநர்' என்று எழுதி, தன் பெயர், தெரு, ஊர், பின்கோடு விடாமல் முத்து முத்தாக விலாசம் எழுதினார். ஓரத்தில் அடுத்த ஸ்கேன் மாதத்தைக் குறித்தார். பரணுக்கு அனுப்பாமல், பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேலே வைத்துப் பூட்டினார்.