என் இன்ஷியல் 'சே'

  

என் இன்ஷியல் 'சே'. அப்பா பேர் சேர்வராயன். "சேர் வருது, பெஞ்சு வரலையாடா?" என்று வகுப்பில் கேலி செய்வார்கள். எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த என் தங்கச்சி, "அண்ணா, நான் வெறும் 'எஸ்'னு மட்டும் சொல்லிக்கிறேன். அப்பா பேரைச் சொல்ல மாட்டேன்" என்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்வராயன் யார்? நம்ம மலையின் சாமி! 5,326 அடி உயரத்தில், மலை உச்சிக் குகைக்குள் காவேரி அம்மனோடு இருக்கிறார். மே மாதம் திருவிழா. அதனால்தான் தாத்தா தன் மகனுக்கு அந்தப் பேரை வைத்தார். 'சேர அரையன்', அதாவது சேர அரசன் என்று பிரித்துப் பொருள் சொல்வாரும் உண்டு. வெள்ளைக்காரர் வாயில் அது 'ஷெவராய்' ஆனது. போர்டில் 'ஷெவராய்' என்று பார்த்தால் ஸ்டைலா இருக்குன்னு சொல்றோம். அதே பேர் எங்க அப்பாவுக்கு இருந்தால் மட்டும் சிரிப்பா?

இன்னொரு பேரையும் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து, இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் காக்பர்ன் துரை. உண்மையில் அதை 'கோபர்ன்' என்று சொல்ல வேண்டுமாம். 'க்' எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஸ்காட்லாந்தில் பெர்விக்‌ஷயர் பக்கம் உள்ள ஓர் இடத்தின் பேர்தான் அவர் குடும்பப் பேர். அங்கே 'பர்ன்' என்றால் ஓடை. 'காக்' என்றால் சேவல். 'சேவலோடை' என்று சொல்லலாம்! நம்ம ஊரில் இருந்தால் கண்டக்டர், "சேவலோடை எல்லாம் இறங்கு!" என்று கத்தியிருப்பார். ஆனால் கலெக்டர் பேரைக் கேட்டு யார் சிரிப்பார்கள்?

அவர்களுக்குக் குடும்பப் பேர் தலைமுறை தலைமுறையாக வரும். நமக்கு அப்படி இல்லை. அப்பா பேர் ஒரு தலைமுறைக்குத்தான் இன்ஷியலாக வரும். நாளைக்கு என் பிள்ளைக்கு என் பேர்தான் இன்ஷியல். 'சே' என்னோடு நின்றுவிடும். இருக்கிற வரைக்குமாவது அதை முழுசாகச் சொல்ல வேண்டாமா?

தங்கச்சி, யாராவது 'எஸ்'னா என்னன்னு கேட்டால் தைரியமா சொல்லு. சிரித்தால், ஜன்னல் வழியா மலை உச்சியைக் காட்டு.

நண்பர்களே! ஒருவர் பேரைக் கேட்டால், அதன் பொருளையும் கேளுங்கள்!



— 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு