கேமராவுக்கு முந்திய வேலை

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் சாலை ஆனைகட்டியில் கேரளத்துக்குள் நுழைகிறது. நடுவே கொடுங்கரைப்பள்ளம் ஓடுகிறது. அக்கரையில் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. காட்சித் தொடர்பியல் மாணவர்கள் சிலர், நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைக் கதையோடு வீடியோவாக எடுக்க இங்கே இடம் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களோடு நானும் சுற்றினேன். கையில் நோட்டும் பென்சிலும்தான். கேமரா பையைவிட்டு வெளியே வரவில்லை.

ஆடு மேய்க்கும் பாட்டி, நகரத்துக்குப் படிக்கப் போகும் பேத்தி, பேத்தியின் கல்யாணம் என்று கதை எழுதி வைத்திருந்தார்கள். பாட்டு இங்குள்ள இருளர் பழங்குடியினரின் தாளத்தில் அமையவேண்டும் என்பது ஆசை. ஊரில் தவில் அடிக்கும் பெரியவரிடம், கல்யாணக் காட்சிக்கென்று தேர்ந்தெடுத்த தாளத்தைப் போனில் போட்டுக் காட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். "இது எழவு வீட்டு அடி கண்ணு. கண்ணாலத்துக்கு அடி வேற" என்றார். இருளர்கள் சாவுக்கும் கொட்டு வைத்து ஆடுபவர்கள். வெளியாள் காதுக்கு எல்லாமே கொண்டாட்டம்தான். அங்கேயே அமர்ந்து இரண்டு அடிகளையும் அவர் தட்டிக் காட்ட, மாணவி ஒருவர் தொடையில் தட்டித் தட்டி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி என்றால் இதுதான்.

அடுத்தது தாளக் கணக்கு. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேமில் அது 15 ஃபிரேம். கம்ப்யூட்டரில் செய்த பாட்டுக்கு இந்தக் கணக்கை வைத்தே ஷாட் பிரித்துவிடலாம். கைக்கொட்டு அப்படி நிற்பதில்லை. ஆட்டம் சூடேறினால் தாளமும் ஏறும். அதனால் முழுப் பாட்டையும் கேட்டு, தட்டுக்குத் தட்டு நேரம் குறித்தார்கள். உதட்டசைவு கெடாமல் ஸ்லோமோஷன் வேண்டுமென்றால், பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டவேண்டும். அந்த வேகத்தில் பாடிப் பழக நடிப்பவருக்குத் தனி ஒத்திகை தேவை. இதையும் திட்டத்தில் எழுதினார்கள். யானை நடமாடும் இடம் என்பதால் பொழுது சாயுமுன் மூட்டை கட்டவேண்டும் என்பதையும், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தார்கள்.

இந்த மண்ணில் பாட்டைப் பற்றிப் பேசினால் பேச்சு நஞ்சியம்மாவிடம்தான் வந்து நிற்கும். அட்டப்பாடியில் ஆடுமாடு மேய்த்த இருளர் பெண் அவர். 2020-இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தம் மொழியில் பாடினார். 2022-இல் அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி ஆனார். முறையான சங்கீதப் பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்று கேட்டவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்து, நாவில் ஏறிய பயிற்சி அவர்கள் கணக்கில் வரவில்லை.

மரபுப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இருக்காது. ஆனால் அதைப் பாடியவருக்கும் கொட்டியவருக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நிற்கும். தம்மை நிகழ்த்துநராக அடையாளம் காட்டக் கோரும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இதை நான் சொன்னதும் மாணவர்கள் செலவுக் கணக்கைத் திருத்தினார்கள். ட்ரோன் வாடகையை அடித்துவிட்டு, கொட்டுக்காரர்களின் சம்பளத்தை முதல் வரியில் எழுதினார்கள். எனக்கு நிறைவாக இருந்தது அந்த ஒரு வரிதான்.

பாட்டு வீடியோ எடுக்கப்போகும் மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பாட்டு யாருடையதோ அவர்களிடம் முதலில் போய் உட்காருங்கள்; கதையைச் சொல்லிக் காட்டுங்கள்; அவர்கள் வேண்டாம் என்றால் மாற்றுங்கள். கூலியைக் கையில் கொடுங்கள், பெயரைத் திரையில் போடுங்கள். கேமராவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.