சித்தப்பாவுக்கு முடிவு தெரியும்

படத்துக்குக் கிளம்பும்போதே, "கடைசியில ஹீரோ செத்துடுவான், கர்ச்சீஃப் எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் என் சித்தப்பா. துப்பறியும் நாவலை இரவல் கொடுத்தால், கொலைகாரன் பெயர் முதலில் வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத்தான் கொடுப்பார். "உனக்கு நேரம் மிச்சம்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு கதையின் முடிவை மட்டும் பல வருடங்களாக என்னிடம் மூச்சு விடவில்லை. அந்தக் கதை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’. பயப்படாதீர்கள், இந்தக் கட்டுரையிலும் அதைச் சொல்லப்போவதில்லை.

பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிவரும் நாவல் வரிசை இது. ஏழு ராஜ்ஜியங்கள், ஒரு இரும்பு அரியணை, அதற்காக வெட்டிக்கொள்ளும் குடும்பங்கள். முதல் பாகம் 1996-ல் வந்தது. மூன்றாவது 2000-ல். நான்காவது வர ஐந்து வருடம் ஆனது, ஐந்தாவது வர இன்னும் ஆறு வருடம். அந்த ஐந்தாம் பாகம் வெளியான 2011-ல்தான் ஹெச்பிஓ நிறுவனம் இதைத் தொலைக்காட்சித் தொடராக ஆரம்பித்தது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய தொடர் அல்ல. ஆனால் உலகமே பார்த்தது.

சித்தப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தடிமனான ஆங்கில நாவல் என்றால் அவருக்குப் பிரியாணி மாதிரி. 2011-ல் அவருக்கு வயது 69. நான் புத்தகங்களை வாங்கிவந்தேன். நம் ஊரில் கிடைத்த பிரிட்டிஷ் பதிப்பில் மூன்றாம் பாகமும் ஐந்தாம் பாகமும் இரண்டிரண்டு புத்தகங்களாக இருக்கும். ஆக, ஐந்து பாகம், ஏழு புத்தகம். அவர் முடித்து முடித்துக் கொடுக்க, நான் பின்னாலேயே படித்துக்கொண்டு போனேன். ஆச்சரியம், இந்தப் புத்தகங்களில் மட்டும் பென்சில் கோடு இல்லை. "இதுல யாரு கொலைகாரன்னு கோடு போட ஆரம்பிச்சா பென்சில் தீர்ந்துடும்மா" என்றார்.

புத்தகம் படித்தவர்களுக்கு அப்போது ஒரு ராஜ மரியாதை இருந்தது. தொடர் பார்ப்பவர்கள் அடுத்து என்ன என்று தவிக்கும்போது நாங்கள் எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்போம். மூன்றாம் பாகத்தில் ஒரு கல்யாண விருந்து வருகிறது. என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2000-ல் அச்சான அந்த அத்தியாயம் 2013 ஜூனில்தான் திரைக்கு வந்தது. உலகம் முழுக்கப் புத்தகம் படித்தவர்கள் பதின்மூன்று வருடம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். அன்று சிலர், வீட்டில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகத்தை ரகசியமாக வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் வீடியோ எடுக்கவில்லை. ஆனால் என் கணவர் அந்த எபிசோடைப் பார்த்து முடித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் புத்தகம் பக்கமே போகாதவர். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா? இவளுக்கும் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா எனக்கு இட்லி வெச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். சித்தப்பாவும் நானும் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு மூன்று வருடத்தில் வட்டியும் முதலுமாகக் கட்டினோம்.

காரணம் எளிமையான கணக்கு. புத்தகத்துக்கு ஐந்து, ஆறு வருடம் தேவைப்பட்டது. தொடர் வருடத்துக்கு ஒரு சீசன், சீசனுக்குப் பத்து எபிசோட் என்று ஓடியது. எழுத்தாளர் பேனாவை மூடி வைத்தால் கதையில் வரும் சிறுமி சிறுமியாகவே காத்திருப்பாள். அந்த வேடத்தில் நடிக்கும் குழந்தை காத்திருக்குமா? அது வளர்ந்துவிடும். எனவே தொடர் நிற்க முடியாது. மார்ட்டினும் சும்மா இருக்கவில்லை. முதல் நான்கு சீசன்களிலும் சீசனுக்கு ஒரு எபிசோட் அவரே எழுதினார். பிறகு புத்தகத்துக்கு நேரம் வேண்டும் என்று அதை விட்டார். அப்படியும் முடியவில்லை. ஆறாம் பாகம் இன்னும் முடியவில்லை, அடுத்த சீசனுக்கு முன் வராது என்று 2016 ஜனவரியில் அவரே எழுதினார். அந்த ஏப்ரலில் ஆறாவது சீசன் தொடங்கியது. புத்தகத்தில் இன்னும் எழுதப்படாத இடத்துக்குள் டிவி நுழைந்தது.

ஒரே நாளில் எங்கள் வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. ஐந்தாம் பாகத்தின் முடிவில் ஜான் ஸ்னோ என்ற இளைஞனைக் கத்தியால் குத்திச் சாய்ப்பார்கள். அவன் பிழைத்தானா என்று தெரியாமல் நானும் சித்தப்பாவும் வருடக்கணக்காகக் காத்திருந்தோம். தொடர் மட்டும் பார்த்தவர்கள் காத்திருந்தது ஒரு வருடம்கூட இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்த எங்களுக்குத் தெரியாதது, ஒரு பக்கம்கூடப் படிக்காத என் கணவருக்குத் தெரிந்திருந்தது!

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்திருக்கிறார்கள். நமக்கு இது புதிதா என்ன? சக்கர வியூகத்துக்குள் போகும் அபிமன்யு திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்து பார்க்கிறோம். தெரிந்திருந்தும் அழுகிறோம்.

அப்படியானால் எனக்கு எது வலித்தது? அது எனக்கே புரிய ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு தேவைப்பட்டது.

இந்தக் கதையில் ஹோடோர் என்று ஒரு பாத்திரம். ஆஜானுபாகுவான ஆள், குழந்தை மனசு. நடக்க முடியாத ஒரு சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு போவான். ‘ஹோடோர்’ என்ற ஒரே சொல்லைத் தவிர அவன் வாயில் வேறு எதுவும் வராது. ஏன் என்று 1996 முதல் எந்தப் பாகத்திலும் சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எபிசோட் வந்தால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. 2016 மே மாதத்தில் அப்படி ஒரு திங்கட்கிழமை அதற்குப் பதில் வந்தது. மறுநாள் அலுவலக குரூப்பில் யாரோ ஒரு ஜோக் படம் போட்டார்கள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகுவோமே, அந்த மரக்கட்டை. அதன்மேல் அவன் பெயர். அவ்வளவுதான். அதற்குமேல் விளக்கினால் நானும் ஃபார்வர்டு செய்த ஆளாகிவிடுவேன்.

அந்த ரகசியம் ஒரு சொல்லுக்குள் இருந்தது. சொல்லால் கட்டி, இருபது வருடம் பூட்டி வைத்த ரகசியம். அது ஒரு நள்ளிரவில், மேஜை விளக்கு வெளிச்சத்தில், ஒரு பக்கத்தைத் திருப்பும்போது எனக்கு வந்திருக்க வேண்டும். இருபது பேருக்கு ஒரே சமயத்தில் போன மரக்கட்டைப் படமாக வந்தது. இந்த முடிச்சு மார்ட்டினே தொடரின் தயாரிப்பாளர்களிடம் சொன்னதுதான் என்பது பிறகு தெரிந்தபோது வருத்தம் இன்னும் கூடியது. முடிவு தெரிந்ததில் எனக்கு நஷ்டம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்வதற்குள் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதுதான் நஷ்டம். மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தியை அவள் வாயால் கேட்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாழ்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்? செய்தி அதேதான். ஆனாலும் ஒன்று குறைகிறது இல்லையா?

எனவே நான் முடிவெடுத்தேன். புத்தகம் வரும்வரை தொடரை இனிப் பார்ப்பதில்லை. சித்தப்பாவும் என்னோடு நிற்பார் என்று நம்பினேன். அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, "நான் பாத்துடறேம்மா" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்போதுதான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். 1954 டிசம்பரில் எழுத்தாளர் கல்கி காலமானபோது சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்போது பத்திரிகையில் கல்கியின் ‘அமரதாரா’ தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கதை பாதியில் நின்றது. கல்கி விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து அவர் மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார்.

"எங்கம்மா அதை முழுசாப் படிச்சாங்க. இது அவர் எழுத்து இல்லையேன்னு வருத்தப்பட்டாங்க. ஆனா முடிவு தெரிஞ்சதுல ஒரு நிம்மதி இருந்துச்சு. இங்கேயும் அதேதான். எழுதறவர் சொல்லிக் கொடுத்திருக்கார், இன்னொருத்தர் முடிக்கிறாங்க. உனக்கு வயசு இருக்கு, காத்திரு. எனக்கு எழுபத்துநாலு. அவருக்கும் என்ன, இளவயசா? ரெண்டு கிழவங்கள்ல யார் முந்தறோம்னு பந்தயம் கட்ட நான் தயாரா இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அதுவரை காத்திருப்பதை ஒரு வாசகனின் விசுவாசம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். கையில் காலம் மிச்சம் இருப்பவர்களின் வசதி அது என்று அன்றுதான் உறைத்தது. டிவி புத்தகத்தை முந்தியது எனக்கு இழப்பு. அவருக்கு அது ஒரு வரம். ஒரே தொடர், ஒரே வீடு, இரண்டு நியாயம்.

அதன்பின் மூன்று வருடம் எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டங்கள் அமலில் இருந்தன. உங்கள் வீட்டிலும் ஒருவர் புத்தகம், ஒருவர் வெப் சீரிஸ் என்று இருந்தால் உதவலாம்.

முதலாவது, பேச ஆரம்பிக்கும் முன் "நீ எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, எபிசோட் வரும் நாளில் எந்த ஜோக்கையும் குரூப்பில் போடக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டமானது. "நான் ஒண்ணும் சொல்லல, ஆனா பயங்கரமான ட்விஸ்ட் இருக்கு" என்பதையும் சொல்லக் கூடாது. அதுவே பாதி ஸ்பாய்லர். இந்த மூன்றாவது சட்டத்துக்காக என் கணவர் திங்கட்கிழமைகளில் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு காபி குடிப்பார். எல்லாவற்றையும் சொல்லிவிடும் சித்தப்பா, நான் அறைக்குள் வந்தால் டிவியை மௌனமாக்கிவிட்டு மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசுவார். என் காத்திருப்பை அவர் கேலி செய்யவே இல்லை.

2019 மே 19-ம் தேதி 73-வது எபிசோடோடு தொடர் முடிந்தது. அரியணை யாருக்கு என்பதை அந்த வாரம் தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் செல்போனைக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும். எனக்கும் அரைகுறையாகக் காதில் விழுந்துவிட்டது. ஆனால் எப்படி, ஏன் என்பது இன்றுவரை தெரியாது. ஆறாம் பாகமும் இன்றுவரை வரவில்லை.

இன்னும் ஏன் காத்திருக்கிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். புத்தகத்தின் முடிவு ஓரளவு தொடரைப் போலவும், ஓரளவு வேறாகவும் இருக்கும் என்று மார்ட்டின் எழுதியிருக்கிறார். திரைக்கு வரவே வராத பாத்திரங்கள் புத்தகத்தில் உலவிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாவல்களில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் உட்கார்ந்து நடக்கிறது. ஒருவன் வாளை ஓங்குவதை டிவி காட்டும். ஓங்கும் முன் அவனுக்குள் என்ன ஓடியது என்பது இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை யாராலும் ஸ்பாய்ல் செய்ய முடியாது.

சித்தப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சின்ன எழுத்து சிரமம்தான். போன மாதம் போயிருந்தபோது, புத்தகம் வந்தால் அவருக்கு எப்படிப் படிக்கக் கொடுப்பது என்று கேட்டேன்.

"நீ வாசிச்சுக் காட்டு. எங்கெங்க மாத்தியிருக்கார்னு நான் சொல்றேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"நீ முழுசா முடிச்சப்புறம்தாம்மா சொல்லுவேன்."