பனிச்சரிவில் பக்கத்திலிருப்பவன்

மண்டகப்பட்டு மக்களுக்குப் பனி என்றால், மார்கழி விடியலில் கரும்புத் தோகைமேல் படிந்திருக்கும் ஈரந்தான். இவ்வூர்க் குன்றோ அசையாத குன்று. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்புமின்றி, மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் அதனைக் குடைந்து கோயில் கண்டான். அன்று வெட்டிய தூண்கள் இன்றும் வெட்டிய இடத்திலேயே நிற்கின்றன. மலைமேல் கிடப்பது பெயர்ந்து வந்து மனிதனை மூடும் என்று இங்குள்ளோர்க்கு விளக்குவது எளிதன்று. ஆயினும் விளக்கவேண்டிய தேவை நமக்கு நேர்ந்தது.

இவ்வூர்த் தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர். ஒரே மகன் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்தவன். வடக்கே பனிமலைக்கு மாற்றலாகிப் போகுமுன் விடுப்பில் வந்திருந்தான். “சாமி, அங்கே பனி சரிந்து ஆளை மூடிவிடுமாமே. மூடினால் யார் வந்து எடுப்பார்கள்?” என்றார். ஆறுதல் சொல்லி அனுப்புவது நமக்குப் பழக்கமானதே. ஆனால் அவர் கேட்டது ஆறுதலன்று, விவரம்.

அவர் அச்சம் வீணானதுமன்று. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர், நால்வர் தமிழ்நாட்டினர். மோப்ப நாய்களும் துளையிடும் பொறிகளும் கொண்டு தேடியதில், ஆறாம் நாள் லான்ஸ் நாயக் அனுமந்தப்பா உயிருடன் கண்டெடுக்கப்பட்டார். கூடாரத்திற்குள் தங்கிய காற்றே அவரை அதுவரை காத்தது. பிப்ரவரி 11 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் அவரும் உயிர் நீத்தார். ஆறு நாள் தாக்குப்பிடித்தது அரிதினும் அரிது. பொதுவான கணக்கு நிமிடங்களில் அடங்குவது.

அந்தக் கணக்கை நமக்குக் கற்பித்தவர், பனிமலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அவில்தார். சுவிட்சர்லாந்தில் நாற்பதாண்டுக் காலச் சரிவுகளை ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கின்றனர். பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அதன்பின் வாய்ப்பு விரைந்து குறைகிறது; அரைமணி ஆகும்போது பிழைப்போர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குளிர் கொல்வதற்கு முன்னரே மூச்சு முட்டுகிறது. ஓடி வரும்போது மாவுபோலிருக்கும் பனி, நின்றவுடன் காரை பூசினாற்போல் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்கவொண்ணாது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமேது? புதையாமல் நிற்கும் தோழனே மீட்பவன்.

காஷ்மீரத்துக் குல்மார்க்கில், வகுத்த பாதையை விட்டு விலகிப் பனிச்சறுக்கு ஆடுவோர்க்கும் இதுவே விதி. 2023 பிப்ரவரி முதல் நாள் அங்கே அபர்வத் மலைச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் மாண்டனர். விளையாட்டுக்காக இவ்வளவு துணிவு எதற்கு என்று நமக்குத் தோன்றுவதுண்டு, அது நிற்க. புது மழைபோல் புதுப்பனி கொட்டிய மறுநாளும், காற்று பனியைக் குவித்த சரிவிலும், 30 முதல் 45 பாகை வரையிலான சாய்விலும் அபாயம் மிகுதி. அடியில் சீனிபோல் தளர்ந்த படலம், மேலே பலகைபோல் இறுகிய படலம். மனிதனின் எடை பட்டதும் பலகை பிளந்து வழுக்குகிறது. ஆகவே ஒருவர்பின் ஒருவராகவே கடக்கவேண்டும். மற்றவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கவேண்டும். கடைசியாக அவன் தென்பட்ட இடமே தேடலின் தொடக்கம்.

ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை உடன் கொண்டு செல்லவேண்டும்: மார்பில் கட்டிய டிரான்சீவர், துழாவு கோல், மண்வாரி. டிரான்சீவர் ஓயாமல் சைகை அனுப்பும்; விபத்து நேர்ந்ததும் மேலே நிற்போர் தங்கள் கருவியை ஏற்கும் நிலைக்கு மாற்றித் தேடுவர்.

அவில்தார் சொல்லோடு நிறுத்தவில்லை. அரிசி ஆலையின் உமிக்குவியலுக்கு அம்மகனையும் ஊர் இளைஞர் ஐவரையும் அழைத்துச் சென்றார், நாமும் போனோம். வைக்கோல் திணித்த சாக்கினுள் அலைபேசியை வைத்துப் புதைத்தார். டிரான்சீவருக்குப் பதிலாக அலைபேசியின் மணியோசை! மெய்யான பனியில் அலைபேசி உதவாது, கருவியின் சைகையைக் குழப்பவும் கூடும் என்று முதலிலேயே எச்சரித்தார். ஓசை மிகுந்த இடத்தில் நீண்ட கம்பியைச் செங்குத்தாகச் செருகி, ஒரு சாணுக்கு ஒருமுறை சுற்றிச்சுற்றித் துழாவச் சொன்னார். உமியில் கம்பி வழுகி இறங்கும், தரையில் ‘ணங்’கென்று முட்டும், சாக்கில் பட்டால் மெத்தென்று பின்வாங்கும். “அந்த மெத்துதான் மனுசன். கம்பியை உருவாதே, அப்படியே விடு” என்றார்.

முதல் முயற்சியில் நாற்பது நிமிடம் ஆயிற்று. கம்பி தொட்ட இடத்திலேயே நேர்க்கீழாகத் தோண்டியதால், தோண்டத் தோண்ட உமி சரிந்தது. சாக்கின்மேலேயே நால்வர் ஏறி நின்றனர். சரிவின் கீழ்ப்புறமாகத் தள்ளி நின்று பக்கவாட்டில் குடைந்து போகவேண்டும், முன்னவன் வெட்டப் பின்னவர் வாரித் தள்ளவேண்டும், களைக்குமுன் ஆள் மாறவேண்டும், முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் துப்புரவாக்கவேண்டும் என்று திருத்தினார். ஐந்தாம் முறை பதினொரு நிமிடம். “உமி இளகியது. பனி இவ்வளவு சுளுவாக விடாது” என்று மட்டும் சொன்னார்.

இத்தொண்டு திருச்சபைக்குப் புதிதன்று. சுவிஸ்–இத்தாலி எல்லையில், 8,000 அடிக்கு மேலுள்ள கணவாயில், புனித பெர்னார்து நிறுவிய மடத்துத் துறவியர் பல நூற்றாண்டுகள் பனியில் சிக்கியோரைத் தேடிச் சென்றனர். அவர்கள் வளர்த்த பாரி என்ற நாய் (1800–1814) நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகப் புகழ்பெற்றது. நாயின் கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாய் மட்டும் ஓவியர் கற்பனை! மலையேற்றத்தில் வல்லவரான பதினோராம் பத்திநாதர் 1923-இல் அப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

தாயும் ஆலைக்கு வந்திருந்தார். ஐந்து முறையும் வரப்பில் அமர்ந்து பார்த்தார். இறுதியில் அவில்தாரிடம் கேட்டார்: “இவன் நன்றாகத் தேடுகிறான் அண்ணே. இவன் உள்ளே போய்விட்டால்? இவனோடு இருக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இது தெரியுமா?”

சியாச்சினில் மேலே அனுப்புமுன் அடிவாரப் பயிற்சிப் பள்ளியில் அனைவருக்கும் பயிற்சி உண்டு என்று அவர் விளக்கினார். தாய் தலையசைத்தார், பிறகு மகனைப் பார்த்து, “எத்தனை பேர் ஒரு கூடாரத்தில் இருப்பீர்கள்?” என்று கேட்டார். அத்தனை பேருக்கும் அதிரசம் செய்து கொடுத்தனுப்பினார்.