ஈராசிரியர் பள்ளி

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தொடங்கினால் புளியமரம், மணியோசை, சிலேட்டுக் குச்சி என்று பழைய நினைவுகளின் இனிப்பில் போய் முடிந்துவிடுமோ என்று அஞ்சி ஒத்திவைத்துக்கொண்டே வந்தேன். 2025 மே மாதம் ஊருக்குச் சென்றிருந்தபோது ஒரு வீட்டு வாசலில் நடந்த சிறு உரையாடல் அந்த அச்சத்தைத் தீர்த்துவிட்டது. இனி நான் விரும்பினாலும் அதை இனிப்பாக எழுத இயலாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம், நிலக்கடலையும் தைலமரமும் விளையும் செம்மண் பூமியில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில், இரண்டு பக்கத்தாரும் நடந்து வரக்கூடிய இடத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அமைந்துள்ளது. ஓட்டுக் கட்டடம் ஒன்று, தளம் போட்ட கட்டடம் ஒன்று, சத்துணவுக் கூடம், கழிப்பறை, அடிகுழாய் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடிநீர்த் தொட்டி. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகள், ஆசிரியர்கள் இருவர். கல்வித் துறையின் வழக்கில் இதற்கு 'ஈராசிரியர் பள்ளி' என்று பெயர்.

நான் 1984 ஜூனில் அங்கே சேர்ந்தேன். பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. வலக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். விரல் எட்டியது, எனக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டதாக முடிவாயிற்று. அவர் எழுதிக்கொண்ட தேதிதான் இன்றுவரை என் சான்றிதழ்களில் இருக்கும் பிறந்த தேதி.

ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் எவ்வாறு நடத்துவார்கள் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. விடை எளியது: முழுவதையும் ஆசிரியர்களே நடத்துவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத்துகளை எழுதப் பழக்குவார்கள். வாய்ப்பாட்டை ஒருவன் சொல்ல நாற்பது பேர் திருப்பிச் சொல்வோம். இது வறுமையில் பிறந்த வழக்கம் என்றே அப்போது நினைத்தேன். பிற்காலத்தில்தான் இதற்கொரு நீண்ட வரலாறு உண்டென அறிந்தேன். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் விடுதியில் நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது அங்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது.

பள்ளிக்கு நான் ஒழுங்காகச் சென்றதற்குக் கல்வி மட்டும் காரணமன்று. 1982 ஜூலை முதல் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்திருந்தது. காமராசர் ஆட்சியில், 1956இல் தொடங்கிய மதிய உணவின் விரிவான வடிவம் அது. அலுமினியத் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே வரிசை. வேப்பமரத்தடியில் ஒரே பந்தி. என் அப்பாயிக்கு இது பிடிக்கவில்லை. "வீட்டுல கூழு இல்லையா, அங்க போயித்தான் திங்கணுமா?" என்று கேட்பார். கூழ் எல்லா நாளும் இருந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். அவருடைய கோபம் சோற்றின்மேல் அன்று, வரிசையின்மேல். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அந்தப் பள்ளி பிள்ளைகளுக்கு மட்டும் எழுத்தறிவித்ததென்று சொன்னால் அது பாதி உண்மையே. 1991, 92ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தையே ஒரு பெரிய பள்ளிக்கூடமாக ஆக்கியது. பகலில் நாங்கள் அமர்ந்த தாழ்வாரத்தில் இரவு நேரத்தில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி எங்கள் அம்மாக்கள் அமர்ந்தார்கள். கல்குவாரியில் உடைத்த கைகள், களை பறித்த கைகள் எழுத்துக் கூட்டின. பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தின் ஒரு பகுதி. என் அம்மா பள்ளி மைதானத்தில் விழுந்து எழுந்து வண்டி ஓட்டக் கற்றார். ஓட்டக் கற்ற பிறகு சந்தைக்குச் செல்ல அப்பாவை எதிர்பார்த்ததில்லை.

தளம் போட்ட இரண்டாம் கட்டடம் 1980களின் இறுதியில் எழுந்தது. 1987இல் நடுவண் அரசு கொண்டுவந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்றது. அதற்குப் பின் சுவரின் தாழ்வான பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றலும் அதன் அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்தன. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. இத்திட்டத்தில் பிள்ளைகளை அவர்களுடைய கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்திருக்கிறார்கள். பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் ஒரு மொழியின் ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பெயர்கள் எனக்கு மகிழ்ச்சி தந்தன. 'மக்கு' என்றும் 'கடைசி வரிசை' என்றும் பெயர் பெற்று வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

ஆக, கட்டடமும் திட்டமும் கூடிக்கொண்டே வந்தன. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நான் படித்த நாளில் அறுபதுக்கு மேல். 2025 மே மாதத்தில் பதின்மூன்று பேர்.

தலைமையாசிரியை நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து செல்பவர். காலையில் வந்ததும் சிற்றுண்டியை மேற்பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இங்கும் நடக்கிறது. மகளிர் குழுப் பெண்கள் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாகச் சமைக்கிறார்கள். பிறகு கைப்பேசியில் வருகைப் பதிவு. அதன் பிறகு இன்னும் சில பதிவேற்றங்கள். உடன் பணியாற்றும் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றுவிட்டால் ஐந்து வகுப்பும் இவர் ஒருவர் கையில். இத்தனைக்கும் இடையில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தடையின்றி எனக்கொரு கதையைப் படித்துக் காட்டினாள். நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகச் சொல்லும் நன்னூலை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பொறுமைக்கு நிலத்தைச் சொன்னது ஏன் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அவர்தான் என்னிடம் கேட்டார்: "சார், இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் காலேஜ் வாத்தியாரானவங்க நீங்கதான். சேர்க்கைக்கு நாலு வீட்டுக்கு எங்களோட வாங்க. நாங்க சொன்னா வேலையைக் காப்பாத்திக்கச் சொல்றோம்னு நினைக்கிறாங்க."

சென்றேன். ஊர்த்தெருவில் அனைவரும் அன்பாக வரவேற்றார்கள், மோர் கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு மஞ்சள் வேனைப் பற்றிச் சொன்னார்கள். காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும். டை, ஷூ, ஆங்கிலம். சட்டத்தின் இருபத்தைந்து விழுக்காட்டு இடத்தில் சேர்த்திருப்பதால் கட்டணமும் இல்லை என்றார் ஒருவர். எல்லாக் காரணங்களும் நியாயமானவை. ஒருவரும் சொல்லாத ஒரு காரணமும் இருந்தது. என் அப்பாயிக்குப் பிடிக்காத அந்த ஒரே வரிசையிலிருந்து விலகிச் செல்ல, வேன் ஒரு நாகரிகமான வழியைத் தந்திருக்கிறது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வேனில் ஏறினால் போதும். பள்ளியில் எஞ்சியிருக்கும் பதின்மூன்று பேரும் காலனிப் பிள்ளைகள்.

பிறகு காலனிக்குச் சென்றோம். மூன்றாவது வீட்டில் என் வகுப்புத் தோழி இருந்தார். ஐந்து ஆண்டுகள் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் நாங்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. 'டேய்' என்று அழைத்து என் சிலேட்டைத் திருத்துவார். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. இப்போது நூறு நாள் வேலைக்குச் செல்கிறார், கணவர் திருப்பூரில். கடைக்குட்டி மகன் முதல் வகுப்பில் சேர வேண்டியவன்.

நான் பேசினேன். இரண்டு ஆசிரியர், காலை உணவு, முட்டை, இலவசப் புத்தகம், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் ஏழரை விழுக்காடு இட ஒதுக்கீடு என்று வரிசையாகச் சொன்னேன். அனைத்தையும் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எல்லாம் சரிதான் சார். உங்க புள்ள எங்க படிக்குது?"

'டேய்' என்றவர் 'சார்' என்றது முதலில் உறைத்தது. கேள்வி அதற்குப் பிறகுதான் உறைத்தது.

என் மகள் எட்டாம் வகுப்பு. கல்லூரி இருக்கும் நகரத்தில், பெயர்பெற்ற ஒரு மெட்ரிக் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து படிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நகராட்சிப் பள்ளி ஒன்று உண்டு. அதன் வாசலைக் கடந்துதான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தமிழ் இலக்கியத்தில் முதுகலை பெற்று, தமிழைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க தெருப் புள்ளைக வேன்ல போகுது. உங்க புள்ளையும் அப்படித்தான் படிக்குது. எங்க புள்ளைக மட்டும்தான் இந்தப் பள்ளிக்கூடத்தக் காப்பாத்தணுமா சார்?"

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமல் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நா எழவில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் அவர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். 1984ஆம் ஆண்டுப் பக்கம். என் பெயருக்கு நேரே, பெற்றோர் கையொப்பத்துக்கான இடத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகை, மை கலங்கி நீலத் திட்டாக இருந்தது. ஏழு வரி தள்ளி அவர் பெயர். அங்கும் ஒரு நீலத் திட்டு. எது எந்தத் தகப்பன் கை என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாதி எழுதும் இடமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆயினும் வரிசை எண், சேர்ந்த நாளின்படிதான் போட்டிருந்தது.

2019இல் தமிழ்நாட்டில் ஒரு மாணவரும் இல்லாத நாற்பத்தாறு பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதென்று அரசு முடிவுசெய்தபோது, மொழிப்பற்றோடு வருந்தி நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பள்ளிகளை வெறுமையாக்கியவர்கள் எங்கோ இருக்கும் யாரோ என்பதுபோல் பேசியிருக்கிறேன். அரசைக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: ஆசிரியரை ஏன் தரவு ஏற்றுபவராக ஆக்கினோம், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று எப்படி முடிவுசெய்தோம், தனியார் இடத்துக்குத் தரும் பணத்தை இங்கே ஏன் தரவில்லை. ஆனால் இவற்றைக் கேட்கும் குரல் யாருடையது? அதிகாரியிடம் சென்று பேசத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் முதலில் வெளியேறினோம். எங்கள் பிள்ளைகள் அங்கே இல்லாததால், கழிப்பறைக் கதவு உடைந்தால் எங்களுக்குச் செய்தி வருவதில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் தலைமையாசிரியை தொலைபேசியில் பேசினார். என் தோழி மகனைச் சேர்த்துவிட்டாராம். என் பேச்சைக் கேட்டு அன்று. வேன் வைத்து அனுப்பக் கையில் பணம் இல்லை என்று அவரே சொன்னாராம். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டாராம், முத்து முத்தாக. பதினான்கு ஆயிற்று சார் என்றார் தலைமையாசிரியை. அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியில் நான் முழுமையாகச் சேர்ந்துகொள்ள இயலவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டங்களுக்கு முன்னாள் மாணவனாக வந்து உட்காரலாமா என்று கேட்டேன்; வாருங்கள் என்றார். இரண்டு கூட்டங்களுக்குச் சென்றுவந்தேன். முதல் கூட்டத்தில் கழிப்பறைக் கதவைப் பற்றி மனு எழுதினோம். என் தோழியும் பெற்றோர் என்ற முறையில் வந்திருந்தார். கையெழுத்திடுவதற்கு முன் மனுவை வாங்கி முழுவதும் படித்தார். மதிப்பீட்டுத் தொகையின் கூட்டலில் நான் செய்திருந்த பிழையைச் சுட்டிக்காட்டி, "இது தப்பு சார்" என்றார்.

திருத்தினேன். மற்றொரு கேள்விக்கான விடை இன்னும் என்னிடம் இல்லை.