பாப்பா எத்தனை மணிக்கு எழுந்தாள்?

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை எச்சில் மாதிரி எடுக்க மாட்டோம். அன்று வாரச்சந்தை. இருட்டிலேயே ஆடு ஏற்றிய வண்டிகள் வந்து நிற்கும். சந்தையை ஒட்டிய வீடுகளில் குழந்தைகள் வழக்கத்துக்கு முன்பே கண் விழித்துவிடுவார்கள். எழும் நேரம் மாறினால் எச்சிலில் இருப்பதும் மாறிவிடும். பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வியாழக்கிழமையையும் சேர்த்து விட்டுவிடுவது நல்லது.

என் வேலை சிறு குழந்தைகளின் உமிழ்நீரை ஒரே நாளில் பல முறை சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகத்தில் சேர்ப்பது. பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். நாங்கள் முக்கியமாகத் தேடுவது இரண்டு பொருட்களை. ஒன்று கார்டிசால். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி மூளையின் உத்தரவுப்படி சுரக்கும் மன அழுத்த ஹார்மோன். இன்னொன்று ஆல்ஃபா அமைலேஸ். மாவுச்சத்தைச் செரிக்க வாயிலேயே சுரக்கும் நொதி. நரம்பு மண்டலம் பரபரப்பாகும்போது இதன் அளவு ஏறும்.

இரண்டும் ஒரு நாளுக்குள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கார்டிசால் விடியலில் உயர்ந்து, எழுந்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் இன்னும் ஒரு படி ஏறி, பிறகு பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு வரும். அமைலேஸ் எழுந்ததும் சட்டென்று குறைந்து, அதன்பின் சாயங்காலம் வரை கூடிக்கொண்டே போகும். இதெல்லாம் பெரியவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு இந்தத் தாளம் கிடையாது. ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில்தான் கார்டிசாலில் பகல், இரவு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிறது. மதியத் தூக்கம் நிற்கும் வயது வரை அது முழுதாக நிலைப்படுவதில்லை. எழுந்தவுடன் வரும் அந்த ஏற்றம்கூட எல்லாச் சின்னக் குழந்தைகளிடமும் தெளிவாகக் கிடைக்காது.

இந்த வேலையில் மிகச் சிரமமான பகுதி எச்சில் எடுப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்குப் பழக்கம் போதும். ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மென்மையான வெள்ளைப் பட்டை. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன், மறுமுனை குழந்தையின் நாக்குக்கு அடியில். முழுவதையும் வாய்க்குள் விட்டுவிடக் கூடாது. விழுங்கிவிடும் ஆபத்து உண்டு, அதற்காகத்தான் அந்த நீளம். ஒன்றரை நிமிடம் போதும். குழந்தை அழுதால் பட்டையை வெளியே எடுத்து, சமாதானப்படுத்தி, மறுபடி வைக்கலாம். பட்டை ஊறிக் கனத்ததும் குழாயில் போட்டு மூட வேண்டும். ஆய்வகத்தில் அதை வேகமாகச் சுழற்றினால் தெளிந்த நீர் கீழே இறங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கன்னத்துப் பக்கம் திறக்கும் பரோடிட் சுரப்பியின் எச்சிலில் அமைலேஸ் அதிகம். நாக்கின் அடியில் ஊறுவதில் குறைவு. காலையில் நாக்கடியிலும் மாலையில் கன்னத்திலும் பட்டையை வைத்தால், குழந்தையிடம் எதுவும் மாறாமலேயே தாளில் ஒரு ஏற்றம் வந்துவிடும். அதனால் முதல் முறை எங்கே வைத்தோமோ, நாள் முழுக்க அங்கேயே வைக்க வேண்டும். பால் குடித்தவுடன் எடுக்கக் கூடாது; மாட்டுப்பாலிலும் கார்டிசால் உண்டு. பல் முளைக்கும் குழந்தையின் எச்சிலில் சிவப்புச் சாயல் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்க வேண்டும். ரத்தத்தில் கார்டிசால் எச்சிலைவிடப் பல மடங்கு அதிகம். மாங்காய் சீசனில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் வாய் எப்போதும் புளித்தே இருக்கும். அமிலம் ஆய்வகத்தின் வேதிவினையைக் கெடுத்துவிடும் என்பதால், வாய் கொப்பளிக்க வைத்து, பத்து நிமிடமாவது காத்திருப்பேன். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு சிரப் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அந்த வாரம் மாதிரி எடுப்பதே வீண்.

பட்டையை வைக்கும்போது குழந்தை அழுகிறதே, அந்த அழுகையே அளவைக் கெடுக்காதா என்று படித்த தகப்பன்மார் கேட்பார்கள். நல்ல கேள்வி. கார்டிசால் எச்சிலுக்கு வந்து சேர இருபது, முப்பது நிமிடம் ஆகும். இப்போது எடுக்கும் மாதிரி அழுகைக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். அமைலேஸ் அப்படியல்ல, சில நிமிடத்திலேயே ஏறிவிடும். ஆகவே அழுததை நேரத்தோடு குறித்துவைப்போம்.

வீட்டுப் பாட்டிகளின் கேள்வி வேறு. “எச்சில எடுத்துட்டுப் போயி என்னம்மா பண்ணுவீங்க?” திருஷ்டி பட்டால் மூன்று முறை துப்பிக் கழிக்கிறவர்களிடம், பேத்தியின் எச்சிலைக் குழாயில் அடைத்து எடுத்துப் போகிறேன் என்றால் பயப்படத்தானே செய்வார்கள்? “அவ்வா, ஊசி குத்தி ரத்தம் எடுக்காம இருக்கத்தான் இது” என்று ஆரம்பித்து, எந்தப் பொருளைப் பார்க்கப் போகிறோம், பார்த்து முடித்தபின் மிச்சத்தை என்ன செய்வோம் என்பது வரை சொல்வேன். ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டியிருக்கும். ஒட்டாமல் தனித்து நிற்பதுதான் உடம்பில் வேலை செய்யும், அதுதான் எச்சிலுக்குள்ளும் வரும். இதை அவ்வாவிடம் இப்படியே சொல்ல முடியாது. ஆனால் குத்த வேண்டியதில்லை என்பது அவருக்கு உடனே விளங்கும். பாட்டி சம்மதிக்காத வீட்டில் தாயின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நான் வேலையைத் தொடங்குவதில்லை.

உண்மையான சிரமம் நேரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் குடும்பத்தின் கடிகாரம் கம்பெனி பஸ்தான். அம்மா ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால், அவள் கிளம்பும் சத்தத்திலேயே குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். அடுத்த வாரம் அவளுக்கே செகண்ட் ஷிப்ட். இரவு பதினொன்றுக்கு அவள் வந்து சேரும் வரை பிள்ளை விழித்திருந்து, மறுநாள் எட்டரைக்குத்தான் கண் திறக்கும். இந்த இரண்டு வாரத்திலும் காலை ஏழரைக்கு ஒரே குழந்தையிடம் மாதிரி எடுத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும் கார்டிசால். இரண்டாம் வாரம் தூக்கத்திலிருந்து எழுப்பி எடுத்த கார்டிசால். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் எழுதி, பிள்ளையின் மனநிலை மாறிவிட்டது என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம். அதனால்தான் வாசலில் நான் கேட்கும் முதல் கேள்வி, பாப்பா எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது. எங்களுக்குப் பூஜ்ஜியம் அங்கேதான். அதிலிருந்து அரைமணி, அதன்பின் மதியச் சோற்றுக்கு முன், கடைசியாகப் படுக்கைக்கு முன்.

விடியற்காலை மாதிரியையும் இரவு மாதிரியையும் தாயோ பாட்டியோதான் எடுக்க முடியும். அங்கே தாளில் எழுதும் நேரமும் நடந்த நேரமும் பிரிந்துவிடும். இது இந்த ஊர்க் குறை இல்லை. 2003இல் குடீல்கா, ப்ரோடெரிக், கிர்ஷ்பாம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மூடி திறந்த நேரத்தைத் தானே பதிவுசெய்யும் டப்பாவில் பட்டைகளைக் கொடுத்தார்கள். நேரம் தவறியவர்களின் நாள் வரைபடமே பிழையாக வந்தது. அவர்கள் தங்கள் எச்சிலைத் தாங்களே எடுத்தவர்கள். அப்படியிருக்க, அடுப்பில் களி கிண்டிக்கொண்டே பேரனின் வாயில் பட்டை வைக்கும் அவ்வாவை நான் எந்த வாயால் குறை சொல்வேன்? அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் அட்டை ஒட்டுகிறேன். பட்டையைக் குழாயில் போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்கிறேன். போனில் விழும் நேரம் பொய் சொல்லாது.

அங்கன்வாடியில் வேறு கதை. அமெரிக்காவில் ஆய்வாளர் மேகன் கன்னரின் குழுவினர், முழுநாள் காப்பகத்தில் இருக்கும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்த்தார்கள். வீட்டிலிருக்கும் நாளில் மதியம் இறங்கும் கார்டிசால், காப்பகத்தில் பலருக்கு ஏறியது. கூட்டமும் மற்றக் குழந்தைகளோடு மல்லுக்கட்டுவதும் காரணமாகலாம் என்றார்கள். நம் அங்கன்வாடியில் சாப்பாட்டுக்குப் பின் பாய் விரித்துப் படுக்க வைக்கிறோம். தூங்கும்போது கார்டிசால் இறங்கி, எழுந்தபின் ஏறும். எனவே மதிய மாதிரியைத் தூக்கத்துக்கு முன் எடுக்க வேண்டும். தவறினால் எழுந்து முக்கால் மணி கழித்து. டீச்சர் பிள்ளைகளை எழுப்பிய நேரத்தையும் கேட்டு எழுதுகிறேன்.

பக்கத்து மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1997-98இல் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய பார்த்தெனான் ஆய்வு இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பதின்ம வயதை எட்டியதும், நடுவர்கள் முன் நின்று கதை சொல்லவும் கணக்குப் போடவும் வைத்து, எச்சிலில் கார்டிசால் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். அது ஒரு சோதனைக்கு உடம்பு காட்டும் பதில். எங்களுக்கு வேண்டியது எதுவுமே நடக்காத ஒரு சாதாரண நாள். ஷிப்ட் மாறும் வீட்டில் அப்படி ஒரு நாள் லேசில் அமையாது. அதனால் ஒரு நாள் எடுத்ததை நான் நம்புவதில்லை. குறைந்தது இரண்டு நாள் வேண்டும், அதுவும் ஒரே ஷிப்ட் வாரத்தில்.

ஒரே ஒரு எச்சில் மாதிரியை வைத்து உங்கள் குழந்தைக்கு மன அழுத்தம் என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு எடுத்தது, குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டைப் பொருட்படுத்த வேண்டாம். என்னைப் போன்றவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து குழாய்களைக் கொடுத்துவிட்டுப் போனால், தயவுசெய்து உண்மையான நேரத்தை எழுதுங்கள். அரைமணி தாமதமாகிவிட்டதா, தாமதமென்றே எழுதுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். தாமதமாக எடுத்த மாதிரியையும் கணக்கில் சேர்க்க வழி உண்டு. நேரம் மாற்றி எழுதிய மாதிரிக்கு வழி கிடையாது.